தேனீக்களுக்குத் துக்கம் சொன்னவள்

முதல் தேனீப் பெட்டியின் முன்னால் நின்றவளுக்கு வாய் எழவில்லை.

வீட்டுக்குள் அப்பாவைச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். பத்து மணிக்கு மாதா கோயிலுக்கு எடுத்துவிடுவார்கள். அதற்குள் தேனீக்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் மலைகளில் அதுதான் வழக்கம். வீட்டுக்காரர் இறந்தால், அவர் பிள்ளை போய் ஒவ்வொரு தேனீப் பெட்டியையும் தட்டித் துக்கம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அவையும் செத்துப்போகும்.

ஏழு பெட்டிகள்.

அவளுக்குத் தெரிந்ததோ ஸ்பானிஷ் மட்டும்.

அப்பா அவளிடம் ஒருநாளும் தன் தாய்மொழியான பாஸ்க் பேசியதில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில், தடைசெய்யப்பட்டிருந்த அந்த மொழியில் வாய் திறந்ததற்காக வாத்தியார் அவருடைய விரல் முட்டிகளைப் பெயர்த்திருந்தார். அந்த அடி தன் பெண்ணுக்கு வேண்டாம் என்று முடிவுகட்டிவிட்டார் மனிதர். தப்பும் தவறுமான ஸ்பானிஷிலேயே அவளைக் கொஞ்சினார், திட்டினார், கட்டிக்கொடுத்தார்.

தேனீக்களிடம் மட்டும் பாஸ்க்தான். காலையில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தால் பேசிக்கொண்டே இருப்பார். சிரிப்புக்கூட வரும். ஜன்னலில் நின்று பார்க்கும் அவளுக்கு வயிறு எரியும். பூச்சிகளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண் அந்த ஊரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"ஸ்பானிஷ்ல சொன்னா ஆகாதா அத்தை?"

பக்கத்துப் பண்ணை யொஷெபா கறுப்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அதுங்களுக்கு அந்த பாஷைய யாருடி சொல்லிக் குடுத்தா?"

பிறகு அவள் முகத்தைப் பார்த்து மனம் இளகி, பக்கத்தில் வந்து நின்றாள்.

அப்பா இறந்துவிட்டார் என்பதற்கு அந்த மொழியில் மூன்றே சொற்கள். யொஷெபா சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள்.

முதல் பெட்டியில் நாக்கு புரளவில்லை.

மூன்றாவதில் அழுகை குறுக்கே வந்தது.

ஏழாவதற்கு அவள் தனியாகவே போனாள். தட்டினாள். சொன்னாள். உள்ளே இரைச்சல் சற்று அடங்கி, மறுபடி எழுந்தது.

வீட்டுக்குள் வந்தபோது மூடியை வைக்க ஆட்கள் தயாராக நின்றார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.

அப்பாவிடம் அவர் மொழியில் ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. ஒரே ஒரு தடவையாவது.

தெரிந்தது அந்த மூன்று சொற்கள்தான்.

சவப்பெட்டியின் விளிம்பை விரல் முட்டியால் மெல்லத் தட்டினாள். குனிந்து, அவர் காதருகில் அவற்றையே சொன்னாள்.