கேட்காமல் வைத்தது

குளுக்கோஸ் மாட்டும் ஸ்டாண்டைத் தூக்கி அவன் போட்ட முதல் அடியில் எடை பார்க்கும் மெஷின் நொறுங்கியது. இரண்டாவது அடி கையால், நர்ஸ் செல்வராணியின் கன்னத்தில் விழுந்தது. மூக்கிலிருந்து இறங்கிய ரத்தம் அவளுடைய வெள்ளைக் கோட்டில் சொட்டியது.

"என் பொண்டாட்டி வயித்துக்குள்ள யாரைக் கேட்டுடி வச்சீங்க?" என்றான் கோபிநாத்.

செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் நாள். பெஞ்சில் இருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் ஓடினார்கள். அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலைக் கோபிநாத்தின் மாமா உடையப்பன் மறித்து நின்றார்.

மருந்து கொடுக்கும் சிவசாமி அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். "போலீசுக்குப் போன் போட்டாச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆவுடையார்கோவில்லேர்ந்து அவங்க வாரதுக்குள்ள நாங்க டீ குடிச்சுட்டே போயிருவோம்" என்றார் உடையப்பன். "ஏம்மா, கவர்மெண்டு சம்பளம் வாங்கிக்கிட்டு இவன் வம்சத்துக்கே பூட்டுப் போட்டுட்டியே."

கோபிநாத்துக்குக் கத்தாரில் கிரேன் ஓட்டும் வேலை. மகளுக்கு மூன்றரை வயது ஆகிறது. அடுத்ததற்கு வழியில்லையே என்று மனைவி சிவரஞ்சனியை அன்று காலை அறந்தாங்கிக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போயிருந்தான். பிள்ளை உண்டாகாமல் இருக்க வைக்கும் காப்பர்-டி உள்ளே இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள்.

"ரெண்டு லீவு வீணாப் போச்சு. ஒண்ணோட நின்னுட்டாளேன்னு இவளை எத்தனை தடவை போட்டு மிதிச்சிருக்கேன் தெரியுமா? அந்தப் பாவமெல்லாம் ஒனக்குத்தான்" என்றான்.

சிவரஞ்சனி சுவரோரம் நின்றாள். அவள் கீழுதடு கிழிந்திருந்தது. முந்தானையால் அதை ஒற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். செல்வராணி அவளை ஒரு முறை பார்த்தாள்.

"கேக்கலீங்க" என்றாள் செல்வராணி. "பிள்ளை பெத்து நாப்பத்தஞ்சாம் நாள் செக்கப்புக்கு வந்தப்ப, கேக்காமத்தான் வச்சுட்டேன். தப்புத்தான்."

"பாத்தீங்களா மாமா, அவ வாயாலேயே சொல்லிட்டா." கோபிநாத் ஸ்டாண்டை ஓங்கினான். மேசைக் கண்ணாடி சிதறியது.

"பொறுமையாக் கேளுங்க. போன பிரசவத்துல பிள்ளை வந்தும் ரத்தம் நிக்கல. புதுக்கோட்டைக்கு ஆம்புலன்ஸ்ல போறப்பவே நினைவு போயிருச்சு. நாலு பாட்டில் ரத்தம் ஏத்தித்தான் பொழைக்க வச்சாங்க. இன்னொரு தடவை இப்படி ஆனா காப்பாத்துறது கஷ்டம்னு பெரிய டாக்டரே சொன்னாங்க."

"எங்காத்தா ஏழு பெத்துச்சு. பெத்துட்டு ஒரு மாசத்துல நாத்து நடப் போயிரும். இவ ஒண்ணுக்கே படுத்துட்டாளாக்கும்? எனக்குப் பய வேணும். எடு. என் கண்ணு முன்னால இப்பவே எடு."

சிவரஞ்சனியின் கொண்டையைப் பிடித்துப் பிரசவ அறைப் பக்கம் தள்ளினான். அவள் பச்சைத் திரையில் மோதி உள்ளே விழுந்தாள். பின்னாலேயே நுழையப் போனவனின் சட்டையை உடையப்பன் பிடித்து இழுத்தார்.

"பிள்ளை பெறக்கிற எடம்ப்பா. ஆம்பளை காலு வைக்கக் கூடாது, தீட்டு."

அவ்வளவையும் உடைத்தவன், எடுத்து வைத்த காலைத் திரைக்கு இந்தப் பக்கமே வைத்துக்கொண்டான். "எடுத்ததக் கொண்டாந்து காட்டணும். இல்லேன்னா ரெண்டு பேரும் உசுரோட வெளிய வர மாட்டீங்க."

உள்ளே குழாயில் தண்ணீர் விழுந்தது. ஒரு கவர் கிழிந்தது. பிறகு சிவரஞ்சனி பல்லைக் கடித்துக்கொண்டு முனகும் சத்தம். கோபிநாத் ஸ்டாண்டால் சுவரைக் குத்திக்கொண்டே நின்றான். காரை பெயர்ந்து விழுந்தது.

செல்வராணி திரையை விலக்கி ஒரு தட்டை நீட்டினாள். அதில் செம்புக் கம்பி சுற்றிய ஒரு பிளாஸ்டிக் துண்டு, ரத்தத்தோடு கிடந்தது. கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"இத்துனூண்டு சாமானா என் பயலைத் தடுத்துச்சு?" தட்டைக் கவிழ்த்து, கீழே விழுந்ததைச் செருப்புக் காலால் மிதித்தான். மிதித்து மிதித்து அது வளைந்து, நசுங்கி, ஓட்டை விழுந்த டைல்ஸ் இடுக்கில் போய்ச் சொருகிக்கொண்டது.

உள்ளே இன்னொரு கவர் கிழிந்தது. "ஆத்தா" என்று சிவரஞ்சனி கத்தினாள்.

"இன்னும் என்னடி அங்க?"

"ரத்தம் கசியுது. மருந்துத் துணி வைக்கிறேன். அவசரப்படுத்துனா அவங்க உசுருக்கு ஆகாது."

கோபிநாத் ஸ்டாண்டைக் கீழே எறிந்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது, முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. "எனக்கு இன்னும் எட்டு நாள் லீவு இருக்கு. அடுத்த வருசம் என் பயலை இங்க தூக்கியாந்து, இதே மெஷின்ல எடை போட வைக்கிறேன் பாரு."

"அதத்தான் ஒடச்சுப்புட்டியேப்பா" என்றார் உடையப்பன்.

இருவரும் பைக்கை எடுக்க வெளியே போனார்கள்.

சிவரஞ்சனி சுவரைப் பிடித்தபடி மெல்ல வந்தாள். செல்வராணி வலி மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். கொடுத்தவளின் கன்னத்தில் நான்கு விரல் தடங்களும் தடித்துப் போயிருந்தன.

வெளியே ஹாரன் இரண்டு தடவை அடித்தது. சிவரஞ்சனி வாசலைப் பார்த்துவிட்டு நர்ஸின் காதருகே குனிந்தாள்.

"இப்ப வச்ச புதுசையும் நான்தான் கேட்டேன்னு நோட்டுல எழுதிறாதீங்கக்கா."