மாடிப்படி ஜாடி

"அப்ப நான் பொய் சொல்றேனா, தங்கவேலு? கள்ளு வாடைன்னா பழஞ்சோத்து வாடைங்கிறியே, படியேறிப் போய் மோந்து பார்த்தியா நீ?" என்று கேட்டாங்க சொர்ணம்மாள்.

தங்கவேலு எங்க மோந்து பார்க்குறது. அவர் வாயில அந்தம்மா சுட்ட ஆப்பம் இருந்துச்சு.

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில, ரயில் ரோட்டை ஒட்டின கட்டடம். மூணாவது மாடியில சொர்ணம்மாள். அதுக்கு மேல இருக்குற அறை தங்கவேலுவுக்குச் சொந்தம். அதுல பம்பு ரிப்பேர் பண்ற சுரேந்திரன் வாடகைக்கு இருக்கான்.

சொர்ணம்மாள் சுத்தபத்தமானவங்க. வெங்காயம் நறுக்கின கத்தியை ஆப்ப அடுப்புகிட்ட கொண்டுபோனா, மருமகள் புஷ்பாவுக்கு அன்னைக்கு முழுக்க அர்ச்சனைதான். கோயில் திருவிழாவுக்கு வேலை செய்றவங்களுக்கெல்லாம் காலை ஆப்பம் அந்தம்மா பொறுப்பு. போன வருசம் அந்த ஆப்பத்தை ரப்பர் செருப்புன்னு ஊரே சிரிச்சுச்சு. இப்ப என்னடான்னா பஞ்சு மாதிரி வருது. கேட்டா, விரதம் இருந்து அரைக்கிற மாவு, தானாப் பொங்குதும்பாங்க.

"மாவ்பி ஊர்ல என் கொழுந்தனார் இருந்தாரே, கள்ளு குடிச்சே போனாரு" என்று கையைத் தட்டினாங்க சொர்ணம்மாள். அவரு போனது காசநோயில. அதை எடுத்துச் சொல்ல அங்க யாருக்குத் தைரியம்?

தங்கவேலு சுரேந்திரனைக் கூப்பிட்டு விட்டாரு. கிரீஸ் கையோட வந்து நின்னான். ஆமா மாமா, வீட்டுலதான் பீர் போடுறேன், விக்கிறதில்லன்னான். சாதாரண பீரைப் புளிக்க வைக்க ஒரு பொட்டலம் ஈஸ்ட்டு போதுமாம். இவன் போடுறது கெட்டியான சரக்கு. அதுல பொட்டலத்தை அப்படியே கொட்டினா ஈஸ்ட்டு திணறிச் செத்துப்போகுமாம். அதனால முதல்ல கொஞ்சம் மால்ட்டை, அதான் முளைகட்டின பார்லிச் சத்தை, தண்ணியில காய்ச்சி, ஆறவச்சு, அதுல ஈஸ்ட்டை விட்டுப் பெருக்கிக்கணும். அறையில வெக்கை, கரண்டும் நிக்கிறதில்ல. அதான் மாடிப்படித் திருப்பத்துல, தண்ணித் தொட்டியில ஜாடியை இறக்கி வச்சிருக்கேன்னான்.

"எனக்கே ஒண்ணு புரியல மாமா. அடியில வெள்ளையா வண்டல் நிக்கும். அதுதான் உசிரு. ஒவ்வொரு தடவையும் பாதி காணாமப் போயிடுது. பீர் புளிக்கிறது பாதியிலேயே நின்னு பாகு மாதிரி இனிக்குது. எலியா இருக்குமோன்னு எல்லார்கிட்டயும் கேட்டுப் பார்த்துட்டேன். இனிமே கம்பி வலை போட்டுப் பூட்டணும்."

"எலிக்குக்கூட வெக்கம் உண்டு. இந்தக் கருமத்தையெல்லாம் அது தொடாது" என்றாங்க சொர்ணம்மாள். இன்னொரு ஆப்பம் தங்கவேலு தட்டுல விழுந்துச்சு.

தொட்டுக்கத் தேங்காப்பாலும் வந்துச்சு. தங்கவேலுவுக்கு நியாயம் புரிஞ்சுபோச்சு. சாமி கும்பிடுற வீட்டு வாசல்ல இதெல்லாம் ஆகாது, மாசக் கடைசியில அறையைக் காலி பண்ணுன்னுட்டாரு.

சுரேந்திரன் முகம் செத்துப்போச்சு. ஆத்துக்கு அக்கரையில டாலாவுல இருக்குற அம்மாவுக்குக் கண் ஆப்பரேசன். ஆத்தைத் தாண்டித் தாண்டி அலைய முடியாது, இங்க கொண்டாந்து வச்சுக்கலாம்னு இருந்தேன்னான்.

"ஜாடியை வேணா இப்பவே கொட்டிடுறேன் மாமா. அறையை மட்டும் விட்டுடுங்க."

"கொட்டுவான், நாளைக்கே வேற ஜாடி வைப்பான்" என்றாங்க சொர்ணம்மாள். "பெத்தவளுக்குக் கண்ணு சரியானா மொதல்ல இவன் லட்சணத்தைத்தான் பார்க்கணும். ஆளும் போகட்டும், ஜாடியும் போகட்டும். ஜாடியை என்கிட்ட கொடுக்கச் சொல்லு. என் கையாலயே சாக்கடையில கொட்டினாத்தான் எனக்கு மனசு ஆறும்."

பையன் ஜாடியைக் கொண்டுவந்து கொடுத்தான். மேல போயிட்டான். சொர்ணம்மாள் முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு, செத்த எலியைத் தூக்குற மாதிரி ரெண்டு விரல்ல அதை வாங்கிக்கிட்டாங்க. உங்களை மாதிரி ரெண்டு பேரு இருக்குறதாலதான் அக்கா இந்தக் கட்டடம் நிக்குதுன்னு சொல்லி, தங்கவேலு ஏப்பம் விட்டுக்கிட்டே எழுந்தாரு. கதவு சாத்தியாச்சு.

படியில கரண்டு இல்ல. தங்கவேலு காலாலயே செருப்பைத் துழாவிக்கிட்டு நின்னாரு. உள்ள இருந்து குரல் கேட்டுச்சு.

"அடியே புஷ்பா, அரைச்ச மாவுப் பானையை உள்ள கொண்டாடி. நாளைக்குக் கோயிலுக்குப் பஞ்சமில்ல. இந்தத் தடவை வண்டல் முழுசா வந்துடுச்சு."