கொல்லையில் நின்ற பிள்ளை

வைத்திக்குப்பத்து அஞ்சம்மாளுக்குப் பிறந்த ஆண் பிள்ளை எதுவும் தங்கவில்லை. நாலாவதும் ஆணாகவே, எமன் ஏமாறட்டும் என்று பாவாடை கட்டி, சடை பின்னி, சின்னப்பொண்ணு என்றே வளர்த்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டான், கண்ணுகளா. பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம் அவனுக்கு ஐந்து வயது. மொட்டை போட்டு, கால்சட்டை மாட்டி, பாலகுரு என்று பெயர் வைத்தார்கள்.

மறுநாள் மத்தியானம், அடுப்பைப் பார்த்தபடியே பழக்கதோஷத்தில் கூப்பிட்டாள்.

"சின்னப்பொண்ணு, சாப்பிட வாடி!"

"தோ வர்றேம்மா" என்று கொல்லையிலிருந்து குரல் வந்தது.

திரும்பினாள். பாலகுரு தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"அங்க யார்ரா?"

"நான்தாம்மா. பாவாடைய அவுத்தப்ப அங்கியே நின்னுட்டேன். பசிக்குதாம், திட்டாத" என்றான் பாலகுரு.

அஞ்சம்மாள் கொல்லைக் கதவைப் பார்த்தாள். பிறகு இன்னொரு தட்டை எடுத்து வைத்து, மீனில் முள் எடுக்க ஆரம்பித்தாள்.