நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

டாக்டரம்மா சிவப்பு மணியை ஆட்டினார். அம்மா மடியிலிருந்த பத்து மாதப் பயல் சிரித்தான். இடது கையை நீட்டி அதைப் பிடுங்கிக்கொண்டான்.

வலது கை தொங்கியபடியே இருந்தது.

பக்கத்தில் நின்ற அப்பா அந்தக் கையையே பார்த்தான். அவன் எலெக்ட்ரீஷியன். ஒரு மாதமாக எந்த வீட்டு வேலையிலும் மனம் ஒட்டவில்லை.

பிறக்கும்போது தோள் சிக்கி, கை நரம்பு அறுந்துபோன பிள்ளை. ஐந்தாம் மாதத்தில் இதே டாக்டரம்மாதான் உடம்பின் வேறோர் இடத்திலிருந்து ஒரு நரம்பைத் திருப்பிவிட்டு, அறுந்த இடத்தில் தைத்தார். பழைய நரம்பின் கூடு உள்ளே காலியாகக் கிடக்கும். புதியதன் நுனி அதற்குள் நுழைந்து, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதுபோல நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். தானாகவே தசையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் என்றார்.

இழுத்துக்கொண்டு போக ஆளில்லாமல் வயர் எப்படிப் போகும் என்று எலெக்ட்ரீஷியன் மல்லுக்கட்டினான். எவ்வளவு தூரம், எத்தனை நாள் என்று குடைந்து குடைந்து கேட்டான். நூற்றிருபதாம் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டான். அந்த நரம்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று டாக்டரம்மா சொன்னதை மட்டும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டான்.

அந்தத் தேதி போய் ஒரு மாதம் ஆகிறது. இன்னும் இரண்டு மாதத்துக்குள் நரம்பு வந்து சேராவிட்டால் தசை வற்றிப்போகும். அப்புறம் வந்தும் பயனில்லை.

வீட்டில் எல்லோரும் பயலைத் தரையில் விடாமல் தாங்கினார்கள். கை வராத பிள்ளையாயிற்றே. அவன் உதட்டைப் பிதுக்கினால் போதும், சித்தி ஓடி வருவாள், மாமன் கரடியாவான், எலெக்ட்ரீஷியன் டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு தவளையாகத் தாவுவான். இப்படியொரு சிரித்த முகத்தைப் பார்த்ததில்லை என்று தெருவே சொன்னது. அதில் எலெக்ட்ரீஷியனுக்கு ஏகப்பட்ட பெருமை.

டாக்டரம்மா வலது மேல்கையை விரலால் அழுத்திப் பார்த்தார். புருவம் சுருங்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று எலெக்ட்ரீஷியன் நினைத்துக்கொண்டான்.

“இவன் கடைசியா எப்போ வாய்விட்டு அழுதான்?”

ஆபரேஷன் முடிந்த வாரம் என்று மனைவி யோசித்துச் சொன்னாள். அப்புறம் ஒருநாளும் அழவிட்டதில்லை என்று எலெக்ட்ரீஷியன் நெஞ்சை நிமிர்த்தினான்.

டாக்டரம்மா பயலின் கையிலிருந்த மணியை வெடுக்கென்று பிடுங்கி மேசைக்கு அடியில் ஒளித்தார்.

பயலுக்கு நம்பவே முடியவில்லை. இப்படியொரு அநியாயத்தை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. உதடு பிதுங்கியது. பழக்க தோஷத்தில் எலெக்ட்ரீஷியன் தவளையாகக் குனிந்தான். டாக்டரம்மா ஒரு விரலை நீட்டி அவனை அப்படியே நிறுத்தினார்.

பயல் மூச்சை இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். நெஞ்சு புடைத்தது.

வலது முழங்கை மடங்கியது.

அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. அடுத்த மூச்சுக்குக் கை இன்னும் மேலே ஏறியது. அதற்கடுத்த மூச்சுக்கு விரல்கள் நெஞ்சைத் தொட்டு இறங்கின.

அது விலா எலும்புகளுக்கு நடுவிலிருந்து எடுத்த நரம்பு என்று அழுகைக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னார் டாக்டரம்மா. மூச்சை இழுப்பது ஒன்றுதான் இதுவரை அதற்குத் தெரிந்த வேலை. நெஞ்சு நிறைய இழுத்தால்தான் இப்போதைக்குக் கையை மடக்கும், போகப் போகச் சும்மாவும் மடக்கும். தசை திரண்டிருப்பதைப் பார்த்தால் வந்து சேர்ந்து ஒரு மாதமாவது இருக்கும்.

சொன்ன தேதிக்கு வந்துவிட்டது. இவர்கள்தான் வீடே கூடிச் சிரிக்க வைத்து, அதைக் கையசைக்க விடவில்லை.

சத்தம் கேட்டு நர்ஸ் கதவைத் திறந்தாள். பிள்ளை வீறிட்டுக்கொண்டிருக்க, பெற்றவர்கள் கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பதறிப்போய்ப் பயலைத் தூக்கக் கையை நீட்டினாள்.

மனைவி அவனை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

“தூக்காதீங்க சிஸ்டர். இன்னும் கொஞ்ச நேரம் அழட்டும்.”