பதினைந்து நாள் பொறுக்காத மாமி

மீனாக்ஷி மாமி திருட்டுத்தனம் பண்ணுகிறாள் என்பது சுபாஷிணிக்குப் போன மாதமே தெரிந்துவிட்டது.

டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் தமிழ்ப் பெண்களுக்குள் ஒரு நடைப் போட்டி. எத்தனை அடி நடந்தோம் என்று ஸ்மார்ட்வாட்ச் காட்டுவதைத் தினமும் சாயங்காலம் வாட்ஸப் குரூப்பில் போட வேண்டும். அதிகம் நடந்தவருக்குப் பொங்கல் விழாவில் வெள்ளி விளக்கு. போட்டியை நடத்துவது சுபாஷிணி. இரண்டாமிடமும் அவளுக்குத்தான். முதலிடத்தில், மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் மீனாக்ஷி மாமி!

அது எப்படி என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோதுதான், வீடு பெருக்க வந்த முத்துமாரியின் கையில் மாமியின் வாட்ச் மினுங்கியது.

"என்ன முத்துமாரி இது?"

"மீனாச்சியம்மா கட்டிக்கச் சொன்னாங்கம்மா. என்னமோ நடக்கற போட்டியாம்."

அடி சாமர்த்தியமே! நாலு வீட்டில் வேலை செய்கிறவளை நடக்கவிட்டு, விளக்கைத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாளா? மாமியின் மானத்தை வாங்க ஒரு மெசேஜை எழுதி ஃபோனில் தயாராக வைத்துக்கொண்டாள் சுபாஷிணி. சமயம்தான் வாய்க்கவில்லை.

சமயம் தானாகவே வந்து கதவைத் தட்டியது.

"சுபா, வாட்சுல சார்ஜே நிக்க மாட்டேங்கறது. நேரு பிளேஸ் வரைக்கும் துணைக்கு வரியாடி?"

சர்வீஸ் சென்டரில் வாட்சைச் சோதித்தவன், பேட்டரி தேய்ந்துவிட்டது என்றான். இரண்டு வழி சொன்னான். வாரண்டியில் கம்பெனிக்கு அனுப்பினால் காசில்லாமல் பேட்டரி மாறி வரும். பதினைந்து நாள் ஆகும். அவசரமென்றால் பழையதைக் கொடுத்துவிட்டு, மேலே பணம் போட்டு இப்போதே புதியது வாங்கிக்கொள்ளலாம்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று சுபாஷிணி நினைத்தாள். கொசுறாகக் கொத்தமல்லி போடாத சப்ஜிவாலாவைத் தெருமுனை வரை துரத்துகிறவள் மாமி. சும்மா வருவதை விடுவாளா?

"நயாவாலா தே தோ பையா, ஜல்தி!" என்று புதியதையே கேட்டுக் கார்டை நீட்டினாள் மாமி.

சுபாஷிணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மாமி, ஃப்ரீயாவே பண்ணித் தரேங்கறான்!"

"பதினஞ்சு நாளெல்லாம் முடியாதுடி. ஒரு நாளே ஜாஸ்தி."

போட்டி முடிய இரண்டே வாரம்தான் இருந்தது. அதுதானே சங்கதி!

கவுன்ட்டர்காரன் ஒரு யோசனை சொன்னான். ராப்பகலாக இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பதால்தான் பேட்டரி இப்படித் தேய்கிறது. புது வாட்சில் அதை அணைத்துவிடட்டுமா?

"பந்த் மத் கரோ!"

அணைக்காதே என்று மாமி போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுபாஷிணியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"எனக்கு எல்லாம் தெரியும் மாமி. முத்துமாரி கையில கட்டிவிட்டு முதலிடம் வாங்கறீங்க. வெக்கமா இல்லை? இப்பவே குரூப்ல போடறேன்."

மாமியின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு கணம்தான்.

"போடு. திருடின்னே போடு. எனக்கு வாட்சு மட்டும் இன்னிக்கே வேணும்."

யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று இத்தனை வருஷம் டெல்லியில் கௌரவமாகக் குடித்தனம் நடத்தியவள் மாமி. ஒரு விளக்குக்காகவா இப்படி?

மாமியின் ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போடாமல் அவளுக்குப் பேசத் தெரியாது.

"அம்மா, வாட்சு சரியாயிடுச்சா?" முத்துமாரியின் குரல். "அது இல்லாம பயமா இருக்கும்மா. மத்தியானம் மறுபடி நெஞ்சு தடதடன்னு அடிச்சுது. இப்பத் தேவலாம்."

"மாத்திரை போட்டுண்டியோ? எங்காத்துலயே படுத்துக்கோ. இதோ வந்துடறேன்."

"சரிம்மா. சுபாம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்மா. சீக்காளின்னு தெரிஞ்சா அன்னிக்கே வேலைய விட்டு நிறுத்திருவாங்க."

மாமி அவசரமாக ஃபோனை அமுக்கினாள். இனி மறைத்துப் பயனில்லை.

"என் சமையக்கட்டுல மயங்கி விழுந்தாடி. டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போனேன். இதயம் தாளம் தப்பி அடிக்கறதாம். எப்பெப்போ அப்படி அடிக்கறதுன்னு தெரிஞ்சாதான் மருந்தைச் சரியாக் குடுக்க முடியும்னார். என் வாட்சைக் கட்டிவிட்டேன். இது ஏதுன்னு நாலு வீட்டுலயும் கேப்பாளே? போட்டிக்குன்னு சொல்லிக்கட்டுமேன்னுதான் உன் போட்டில பேரைக் குடுத்தேன். விளக்கு உனக்குத்தான். கடைசி நாள் விலகிக்கறதா இருந்தேன்."

சுபாஷிணிக்குப் போன குளிர்காலம் ஞாபகம் வந்தது. 'நோயாளியை எல்லாம் உடனே நிறுத்திடணும்' என்று பக்கத்து பிளாக் சிநேகிதிக்கு ஃபோனில் உரக்கப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். முத்துமாரி அப்போது சுபாஷிணியின் வீட்டில்தான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கொத்தமல்லிக்குச் சண்டை போடுகிற இந்த மாமியா? பணத்தையும் விட்டு, மானத்தையும் விட்டு, திருடி என்ற பட்டத்தையும் சுமக்கத் தயாராக நிற்கிறாளே! சுபாஷிணி மாமியை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

புது வாட்சைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டே மாமி தயங்கிக் கேட்டாள்.

"குரூப்ல போடப் போறியாடி?"

சுபாஷிணி ஃபோனை எடுத்து, தயாராக வைத்திருந்த மெசேஜை அழித்தாள்.

"போடத்தான் போறேன் மாமி. இந்த வாரமும் நீங்கதான் ஃபர்ஸ்ட்டுன்னு."