எட்டாவது சவாரி

பூரணத்தின் இடுப்பு இன்னும் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

நாலு நாள், எட்டுச் சவாரி. இந்தியாவில் காட்டுப் பாதையில் குலுங்கிய குலுக்கலில், மலேசியாவின் கிள்ளானுக்குத் திரும்பி ஒரு வாரமாகியும் இடப்பக்கம் திரும்பினால் உயிர் போனது.

இருந்தும் சிரித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக் கடையில், வாழை இலைக்கு முன்னால், கண்ணில் நீர் வரும்வரை.

எதிரே அவள் புருஷன் வேலாயுதம் ரசத்தை மறந்துவிட்டுப் புலி பார்க்கும் வித்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் அவர் ஆசைப்பட்டது ஒன்றுக்குத்தான்: கூண்டில் இல்லாத புலி.

"ஏப்ரல், மே. வெயில் மண்டையப் பொளக்கணும், அப்பதான் தண்ணிக்கு வரும். காலையில கேட் தொறந்ததும் மொத ஜீப்பா உள்ள போயிடணும். செண்ட் கூடாது, செகப்புச் சட்டை கூடாது. புலியத் தேடாத லா, குரங்கு கத்துதா, மான் காலத் தட்டுதான்னு பாரு. அதுங்கதான் காட்டிக் கொடுக்கும்."

"எட்டுத் தடவ போயி வாலக்கூட பாக்கல. அண்ணன் பேச்சப் பாரு!" பழைய லோரிக் கூட்டாளி சிவநேசன் மேசையைத் தட்டினார். பக்கத்து மேசையும் சிரித்தது.

வேலாயுதமும் சிரித்தார். ஆனால் அப்பளத்தை நொறுக்கிய கை அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"நீயே சொல்லு பூரணம். நான் சொன்ன வழி தப்பா?"

"அத்தனையும் சரிங்க," என்றாள். மறுபடி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சரிதான். கடைசிச் சாயங்காலம், தண்ணீர்த் தொட்டி ஓரம் ஜீப் நின்றபோது இடப்பக்க மரத்தில் குரங்கு கத்தியது. ஓட்டுநர், வழிகாட்டி, வேலாயுதம், மூன்று பேரும் அந்தப் பக்கம் திரும்பிக் குரங்கைப் பார்த்தார்கள். குரங்கு எதைப் பார்க்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

பூரணத்தால் திரும்ப முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது.

வலப்பக்கப் புதரை விலக்கிக்கொண்டு அது வந்தது. சம்பள நாள் தோட்டக் கங்காணி மாதிரி சாவகாசமாக. பத்தடியில் நின்று அவளைப் பார்த்தது. மூக்கைச் சுருக்கிவிட்டு, வந்த வழியே போனது.

உலு சிலாங்கூர் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டி வளர்ந்தவள் அவள். அங்கே அது எதிரே நின்றால் பேர் சொல்லக்கூடாது, கை நீட்டக்கூடாது. தலைகுனிந்து போக விடவேண்டும். பதினைந்து வயதில் படிந்த பழக்கம் அறுபதில் வாயைப் பூட்டிவிட்டது. பூட்டுத் திறந்தபோது வெறும் புதர்தான் இருந்தது.

அன்றைக்குப் பிடித்த சிரிப்பு இது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷன் இலைப் பக்கம் ரசத்தைத் தள்ளினாள். "அடுத்த ஏப்ரலும் போவோம்ங்க. நீங்க வலப்பக்கம் உக்காருங்க."

"இந்த இடுப்ப வச்சுக்கிட்டா?" சிவநேசன் வாயைப் பிளந்தார்.

வேலாயுதம் அப்பளத்தை எடுத்துக் கடித்தார்.

அவருக்கு அவள் ஒரு புலி கடன்பட்டிருக்கிறாள்.