நாற்பது விநாடி

அபாய மணி அலறியது. கிடங்கில் தீ.

"பதறாதேப்பா," என்றார் மேனேஜர். "நான் என் பொண்டாட்டியைக்கூட நம்ப மாட்டேன், நீ செஞ்ச இந்த கம்ப்யூட்டர் மாடலை நம்புவேன்."

கட்டுப்பாட்டு அறைத் திரையில் தொழிற்சாலை முழுவதும் தெரிந்தது. எந்த அறையில் என்ன சரக்கு, ஆபத்தில் யார் எத்தனை விநாடியில் வெளியே வருவார் என்று ஒத்திகையில் அளந்து அதில் ஏற்றியவன் இளம் இன்ஜினியரான அவன்தான்.

"உள்ளே யாரு?"

"வால்வு ஆபரேட்டர் மட்டும் சார். கேஸை மூடிட்டு வரணும்."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது விநாடின்னு... போட்டிருக்கு."

"அதோட இருபது சேர்த்து, அறுபதுல இரும்புக் கதவு தானா இறங்கிடும். தீ இந்தப் பக்கம் பரவாது, மெஷினெல்லாம் தப்பிச்சுது. உனக்கு ஏம்ப்பா இப்படி வேர்க்குது?"

நாற்பது கடந்தது. யாரும் வரவில்லை.

"சார், கதவை நிறுத்தணும்!"

"எப்படி? நிறுத்துற பட்டனே வேணாம், மனுஷன் கை பட்டா காரியம் கெட்டுடும்னு சொன்னது நீதானே?"

ஐம்பது. கேமராவில், புகைக்குள் ஓர் உருவம் காலை இழுத்து இழுத்து வந்தது.

"யாருய்யா அது, ஆமை மாதிரி? ஒத்திகையில நாப்பதுலதானே வந்தாரு?"

ஒத்திகையில் ஆனது தொண்ணூறு.

'ஒரு நிமிஷத்துக்கு மேல ஆனா வேலையை விட்டு அனுப்பிடுவாங்கடா. ரிட்டயராக இன்னும் ஆறே மாசம்தான். நாப்பதுன்னு போட்டுடு' என்று முட்டியைத் தடவிக்கொண்டே கெஞ்சியிருந்தார் அப்பா.

அறுபது.

ஒரு விநாடிகூடப் பிசகாமல் கதவு இறங்கியது.